ஒரு விரல் தள்ளி

ஜன்னலோடு தூக்கினேன் அந்தச் சுவரை.
அறை இன்னும் வரவில்லை.
சட்டத்துக்குள் கொஞ்சம் வானம்
ஆடிக்கொண்டே போனது.

மாதக் கடைசி, இருட்டும் நேரம்.
கீழே எர்வின் கையைச் சுழற்றுகிறான்:
இறக்கு, இறக்கு.
இன்னும் ஆறு பலகை நின்றால்தான்
கணக்கு நேராகும், போனஸ் வரும்.
கரகண்டாவின் வெட்டவெளிக் காற்று
கம்பியைப் பிடித்து இழுத்ததில்
ஒரு விரல் தள்ளி உட்கார்ந்தது சுவர்.
பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.
"சாந்து மூடிவிடும்" என்றான்.
கொக்கி கழன்றது.

அப்போதெல்லாம் பதினோரு நாளில் ஒரு மாடி.
நீராவியில் வெந்த சுவர்கள்
சூடு ஆறுமுன்னே லாரியில்
சாய்ந்து நின்றபடி வந்துசேரும்.
எது யார் வீட்டுச் சமையலறை என்று
யாரும் கேட்டதில்லை.

வசந்தத்தில் கமிட்டி சீட்டு நீட்டியது:
ரவ்ஷான், கிரேன் ஓட்டுநர், இரண்டு பிள்ளைகள்,
நான்காம் மாடி, எண் முப்பத்தொன்று.
கொட்டகையில் பதினாறு பேருக்கு ஒரு குழாய்.
இங்கே எனக்கென்று ஒன்று, அதிலும் வெந்நீர்!
திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.
மகள் சுவரை முத்தமிட்டாள்,
உதடெல்லாம் சுண்ணாம்பு.

நவம்பரில் அது பேச ஆரம்பித்தது.
கட்டில் தலைமாட்டில்,
ஜன்னலுக்கு இடப்பக்கம், மெல்லிய விசில்.
விரலை வைத்துப் பார்த்தேன்.
கச்சிதமாகப் பொருந்தியது.

துணி திணித்தேன்.
செய்தித்தாளை மாவுப்பசையில் ஒட்டினேன்.

படிக்கட்டில் மேல்வீட்டு ஃப்ரீடா
பாதி ஜெர்மன், பாதி ரஷ்யனில் சபிக்கிறாள்:
"இதைக் கட்டினவன்
கை விளங்காமல் போக."
"ஆமாம்" என்கிறேன்,
இரண்டு கையும் கோட்டுப் பைக்குள்.