கால் மில்லிமீட்டர்

சூடேறினால்தான் அந்தச் சத்தம்.
காலையில் ஒன்றும் இருக்காது.
ஜூரு டோல் தாண்டி மேடு ஏறும்போது
டொக். டொக்.
கடனைக் கேட்க வந்தவர்
முதல் தடவை கதவைத் தட்டுவாரே, அப்படி.

சனிக்கிழமை நிபோங் திபாலில் கல்யாணம்.
இருநூற்றைம்பது சிவப்பு நாற்காலி, ஆறு கூடாரம்.
பட்டறையில் கேட்ட கூலிக்கு
இன்னும் நூறு நாற்காலி வாங்கிப் போடலாம்.
ஆகவே சாய் லெங் பார்க்கில், வீட்டு வாசலில்,
பாதி லோரி எங்கள் சிமெண்டில்
பாதி தாமான் சாலையில்,
சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து
அட்டைப்பெட்டியை விரித்து அடியில் போனேன்.

தனபாலன் விளக்குப் பிடித்தார்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்த கண்.
வெளிச்சம் போல்ட்டை விட்டு நழுவி
மெல்ல மெல்ல
பக்கத்து வீட்டுச் சேவலிடம் போகும்.
"இங்க" என்பேன். வரும்.

எண்ணெய் வடிய ஒரு மணி நேரம்.
வடிந்த கறுப்பில் மினுமினுப்பு,
நகைக்கடைத் தரையைப் பெருக்கிய தூள்போல.
மூடிகளைக் கழற்றுமுன்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று
என் குத்தெக்ஸால் எழுதினேன்.
இடம் மாறினால் சேராது.
திசை திரும்பினாலும் சேராது.

மூன்றாவது பேரிங்.
வெள்ளை தேய்ந்து செம்பு தெரிந்தது.
கிராங்கில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன்,
எங்கும் சிக்கவில்லை, நல்ல காலம்.
துடைத்துத் திருப்பினால்
முதுகில் பொடி எழுத்து: 0.25.

ஏற்கெனவே கடைந்த கிராங்க்.
ஏற்கெனவே திறந்த எஞ்சின்.

ரகுநாதன், என் அண்ணன்,
இதை எனக்கு விற்றபோது சொன்னது:
"கம்பெனி சீல். தொறக்கவே இல்ல.
அம்மா மேல சத்தியம்."
அப்போது அம்மா உயிரோடுதான் இருந்தார்,
பக்கத்திலேயே மைலோ கலக்கிக்கொண்டு.

நான் வாங்கி வைத்திருந்ததோ ஸ்டாண்டர்ட் சைஸ்.
எண்ணைப் பார்க்காமல் மாட்டியிருந்தால்
நாற்காலிகளோடு நடுரோட்டில் நின்றிருப்பேன்.
ஒரு பொய் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று
அதுவரை நான் அளந்ததில்லை.
கால் மில்லிமீட்டர்.
நான்கிலும் ஒரே சீராக.
கடைந்தவன் நல்ல வேலைக்காரன்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பட்டர்வொர்த் கடைத் தவுக்கே
என் முகத்தைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார்,
பன்னிரண்டு வெள்ளி மேலே வாங்கிக்கொண்டு
பேசாமல் மாற்றிக் கொடுத்தார்.

பச்சை மெழுகு நூலைக் கிள்ளிக்
கிராங்கின்மேல் வைத்து
மூடியைப் போட்டு இறுக்கித் திரும்பக் கழற்றினால்
நசுங்கிய அகலம் சொல்லும்,
நடுவில் எவ்வளவு விட்டிருக்கிறது என்று.
எண்ணெய் நின்று சுமக்க அந்த இடம் வேண்டும்.
கூடினால் தட்டும்.
ஒட்டிவிட்டால் எரியும்.
"சரியா?" என்றார் தனபாலன், சேவலிலிருந்து திரும்பி.
சரி.

வெள்ளிக்கிழமை இரவு
ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துச் சுற்றவிட்டேன்,
சிவப்பு விளக்கு அணையும்வரை.
பிறகு கையை எடுத்தேன்.
சூடேறட்டும் என்று ஆளுக்கொரு சிவப்பு நாற்காலியில்
சீரியல் பார்ப்பதுபோல்
லோரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
தட்டவில்லை.

சனிக்கிழமை காலை ரகு கூப்பிட்டான்.
மாதம் ஒரு தடவை கேட்பான்,
"வண்டி எப்படி, சத்தம் ஏதும் வருதா?"
பாசம் என்று நினைத்திருந்தேன்.
பாசமாகவும் இருக்கலாம்.
பதில் சொல்லாமல்
ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில்
போனை நீட்டிப் பிடித்தேன்.
இருபதுவரை எண்ணியிருப்பேன்.

"தொறந்துட்டியா?"

நாற்காலி ஏற்றும் பையன்கள்
வந்துவிட்டார்கள்.