காயாத மஞ்சள்

மெஹ்பூலாவில் ஆறாம் மாடி, பின்பக்க அறை.
கட்டில் ஒன்று. வாடகை இரண்டு பேருடையது.
இரவில் ஞானதிரவியம் தூங்குவான்,
பகலில் நான்.
அவன் திஷ்தாஷா தைக்கிற கடையில் காஜா எடுப்பவன்.
நான் ரொட்டி அடுப்பில்.
மாதத்தில் மூன்று நாலு தடவை
கதவருகே செருப்பு மாட்டும்போது பார்த்துக்கொள்வோம்.
"தண்ணி வருதா?"
"வருது."

விரிப்பு வெள்ளை.
ஜமியாவில் தள்ளுபடியில் எடுத்தது, பாதிப் பாதிக் காசு.
இரவெல்லாம் தணலைப் பார்த்த கண்ணுக்கு
அந்த வெள்ளை ஆகவில்லை.
ஆஸ்பத்திரியில் கிடப்பதுபோல,
யாரோ வந்து காலைத் தூக்கிப் பார்க்கப் போவதுபோல.

ஒரு திங்கட்கிழமை
துணிச்சாயம் ஆறு டப்பி வாங்கினேன், ஒண்ணேகால் தினார்.
பிரஷ், பன்னுக்கு முட்டை பூசுவது.
மெத்தைக்கு இறங்காமலிருக்க அடியில் அரபிப் பத்திரிகையைச் செருகி
கால்மாட்டில் ஒரு பூசணிப்பூ போட்டேன்.

காய நாலு மணி நேரம் என்றது டப்பி.
நான் எழுந்து போவதற்கும் அவன் வந்து விழுவதற்கும் நடுவே
ஐம்பது நிமிஷம்.
மறுநாள் கொடியில் கிடந்த அவன் கைலியில்
என் பூசணிப்பூ,
இடம் வலம் மாறி.

திட்டுவான் என்றிருந்தேன்.
மூன்றாம் நாள் பூவுக்குக் காம்பு வந்திருந்தது.
பச்சை நூல், சங்கிலித் தையல்.
காஜா எடுக்கிற கை, ஒரு கண்ணி பிசகவில்லை.

பிறகு
மீன் என்னுடையது என்றால் செதில் அவனுடையது.
சிவப்பாய் வெறும் வட்டம் வைத்துவிட்டுப் போனேன் ஒருநாள்,
சூரியனா பழமா, அவனே முடிவுசெய்யட்டும் என்று.
தக்காளியாக்கியிருந்தான்.

சாயம் நிற்கவேண்டுமே,
வெள்ளிதோறும் கடைக்குக் கொண்டுபோய்
பின்பக்கம் இஸ்திரி போட்டு வருவான்.
அன்றைக்கு எனக்கு வெறும் மெத்தை,
தூக்கம் பிடிக்காது.
ஜன்னலில் அட்டை ஒட்டிய அறை.
மற்ற நாளில் கையைத் துழாவினால் போதும்,
முடிச்சுத் தையல் தட்டுப்பட்டால் மீனின் கண்,
அப்படியென்றால் சுவர் இந்தப் பக்கம்.

என் மயிலை அவன் கோழியாக்கியதில்தான்
எனக்குக் கோபம்.
இரண்டு நாள் அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை.
மூன்றாம் நாள் பார்த்தால்
கழுத்து எனக்கும் கோழியாகத்தான் தெரிந்தது.
கீழே மூன்று முட்டை வரைந்தேன்.
ஒன்றை மட்டும் உடைத்துத் தைத்திருந்தான்,
உள்ளேயிருந்து ஆரஞ்சு நூலில் ஓர் அலகு.

போன வெள்ளி
அடுப்பு ரிப்பேர். அவன் கடையும் அடைப்பு.
முதன்முறையாக இருவரும் அறையில், நடுப்பகலில்.
விரிப்பின் இந்த ஓரம் நான், அந்த ஓரம் அவன்.
ஓரமெல்லாம் கொடியும் மீனும் நெருக்கியடிக்க
நடுவில், உடம்பு கிடக்கிற இடத்தை
இரண்டு பேருமே தொட்டிருக்கவில்லை.
அங்கே இன்னும் வெள்ளை, கொஞ்சம் சாம்பல் ஏறி,
ஓர் ஆள் நீளத்துக்கு.

ஏதாவது பேசவேண்டும்.
"அந்தக் கோழி..." என்றேன்.

"மயில்னு தெரியும்.
நீல நூல் தீந்துபோச்சு."

குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது.
யாரும் எழுந்திருக்கவில்லை.