பன்னிரண்டரை

ஷார்ஜா, அல் நஹ்தா, பத்தொன்பதாவது மாடி.
கீழே ஷவர்மாக் கடை ஷட்டரை இறக்கிவிட்டது.
ஏழு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு
தோசைக்கல் கழுவுகிறேன்.

ஏழு பேர் என்பது வாய்ப்பழக்கம்.
ஏழு ஏஜென்ட்டுகள்.
ஒன்று திட்டம் போடும், மூன்று எழுதும்,
ஒன்று சோதிக்கும், ஒன்று குறை சொல்லும்,
கடைசியாக ஒன்று எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போடும்.
எதற்கும் விசா வேண்டாம்.
பெயர் வைக்கக் கூடாது என்று முதல் வாரமே முடிவெடுத்தேன்.
மூன்றாம் வாரம்
குறை சொல்வதற்கு நாத்தனார் என்று பெயர் விழுந்துவிட்டது.

சஜ்ஜா பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனி.
நாலாயிரம் ஆட்கள், அறுபத்தொரு பஸ்.
யாரை எந்தக் கேம்பில் ஏற்றி
எந்தச் சைட்டில் எத்தனை மணிக்கு இறக்குவது,
அதற்கொரு மென்பொருள்.

ஆரம்பத்தில் எனக்கு மேய்க்கத் தெரியவில்லை.
ஒரே கோப்பை இரண்டிடம் கொடுத்தேன்.
இது எழுதியதை அது திருத்த,
அது திருத்தியதை இது திருத்த,
விடியும்வரை வெகு மரியாதையாகச் சண்டை.
"நல்ல கவனிப்பு, நன்றி" என்று
நாற்பத்திரண்டு முறை மாறிமாறிச் சொல்லியிருந்தன.
அந்த மாத டோக்கன் பில்
என் வீட்டு வாடகையை எட்டிப் பார்த்தது.
அதற்குப் பிறகு ஆளுக்கொரு கிளை, அவரவர் வேலி.

இன்று இரவு இரண்டு பத்துக்கு
எல்லாம் பச்சை.
பஸ் ஓட்டம் பதினெட்டு சதவீதம் மிச்சம் என்றது அறிக்கை.
எட்டு என்றிருந்தால் அப்படியே ஒப்புக்கொண்டு தூங்கியிருப்பேன்.
பதினெட்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்தது.

பின்னோக்கிப் படித்தேன்.
நடுப்பகலில் இரண்டரை மணி நேரம்
பயன்படாமல் கிடக்கிறது என்றது திட்டம்.
எழுதுவது அதை நீக்கியது.
சோதனை தோற்றது.
சோதனை காலாவதியானது என்று
சோதிப்பது சோதனையையே மாற்றியது.
நாத்தனார் ஒரு மாறியின் பெயர் நீளம் என்று மட்டும் முகம் சுளித்தாள்.
முடிச்சு விழுந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை.
அவரவருக்குச் சொன்னதை அவரவர் செய்தார்கள்.
கைக்குக் கை மாறிய இடத்தில்
நாலாயிரம் பேரின் நிழல் கீழே விழுந்திருந்தது,
சத்தமே இல்லாமல்.

அந்த வரிக்கு மேலே முன்பு ஒரு குறிப்பு இருந்தது.
எதிர் மேசை கிளமென்ட் எழுதியது:
"மச்சான் இதத் தொட்டே, கொன்னுருவேன்."
தொழில்முறைக்கு ஒவ்வாதது என்று
அதையும் துடைத்திருந்தார்கள்.

கிளமென்டைத் துடைத்தது இவை அல்ல.
போன நவம்பரில் பதினோரு பெயர்களை
அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தவள் நான்.
அதுவும் ஒருங்கிணைப்புதான்,
கூட்டக் குறிப்பில் அப்படித்தான் எழுதினார்கள்.
சலாலாவில் ஏதோ பள்ளிக்கூடத்துக்கு
கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறானாம்.
நான் போன் செய்ததில்லை.

விதிக் கோப்பைத் திறந்து எழுதினேன்:
ஜூன் பதினைந்திலிருந்து செப்டம்பர் பதினைந்து வரை
பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே
வெயிலில் ஆள் நிற்கக் கூடாது.
கேம்புக்குப் போகும் பஸ் போகட்டும்.
அது வீண் நேரமல்ல.
இந்தச் சோதனையை மாற்ற
என்னைத் தவிர எவருக்கும் உரிமை இல்லை.
'தயவுசெய்து' என்று போட்டிருந்ததை அழித்தேன்.
கிளமென்டின் வரியை
எழுத்துப் பிசகாமல் திரும்ப வைத்தேன்.

புரிந்தது, புரிந்தது, புரிந்தது என்று ஏழு பதில்கள்.
எழுதியவனுக்கு நிஜமாகவே புரிந்திருந்தது.
அவன் ஒரு கோடை முழுக்க சைட்டில் நின்று
பஸ் நேரத்தைக் கையால் குறித்தவன்.

நாலே முக்காலுக்கு முதல் பஸ் கீழே போயிற்று.
கண்ணாடியில் சாய்ந்த தலைகள்,
வெயில் வருமுன்பே முகத்தில் சுற்றிய துண்டு.

நாத்தனார் கேட்டாள்:
கொன்னுருவேன் என்பது தேவைதானா?

தேவைதான் என்றேன்.

பதினெட்டு இப்போது நான்காகிவிட்டது.
ஒன்பது மணிக்குக் கம்பெனிக்காரர்களோடு கூட்டம்.
நான்கு என்பதைத் தலைகுனியாமல் சொல்ல
ஒரு வாக்கியம் வேண்டும்.
அதை இந்த ஏழில் எதனிடமும் கேட்கப் போவதில்லை.