ஓங்கிச் சாத்தவும்

பாகப் பத்திரம் நாலு பக்கம்.
கிணற்றில் பாதித் தண்ணீர், மோட்டாருக்கு முறைநாள்,
வடக்கு வேலியோரம் பதினோரு தென்னை,
எல்லாம் எழுதியிருக்கிறது.
அறுபத்தாறாம் வருஷத்து பியட்டுக்கு
ஒரு வரி இல்லை.

அதனால் ஒற்றைப்படை மாதம் உடுமலையில் என்னிடம்,
இரட்டைப்படை மாதம் தாராபுரத்தில் தம்பியிடம்.
சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவான்.
பேச்சு இல்லை.
பெட்ரோல் முள் எங்கே நிற்கிறதோ
அதுதான் அவன் சொல்ல வந்தது.

இந்த ஜூலையில்
பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று
காற்றாலைகளைச் சுற்றியது போக மிச்சத்தை
என் கார்க் கதவிடுக்கில் ஊதியது.
திருமூர்த்தி மலை போய்த் திரும்புவதற்குள்
வலது தொடை ஈரம்.
கதவு ரப்பரைக் கிள்ளிப் பார்த்தேன்,
கருவாடாய் உதிர்ந்தது.

மில்லில் எனக்கு வேலை நூலை அறுப்பது.
எத்தனை பவுண்டில் அறும் என்று
மெஷினில் மாட்டி, இழுத்து, எழுதுவது.
எதையும் நம்புமுன்
அது எப்படி அறும் என்று பார்த்துவிடும் புத்தி.

ஆகவே வீட்டு இரும்பு கேட்டில்
நாலு துண்டு ரப்பர், நாலு விதப் பசை,
ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பழைய பூட்டு.
எதிர்வீட்டு அக்கா கேட்டார்:
'ஏனுங் மணிமேகலை, திருஷ்டிக்குங்களா?'

நொடியில் பிடிக்கும் பசை நொடியில் பிடித்தது.
மறுநாள் கண்ணாடியாய் இறுகி,
வளைத்ததும் ரப்பரையும் கடித்துக்கொண்டு உடைந்தது.
(தூக்கி எறியவில்லை. ரப்பரின் இரு நுனி
சந்திக்கும் இடத்துக்கு அது ஒரு சொட்டுப் போதும்.)
சிலிக்கான், புளித்த காடி வாசம்.
வாரம் கழித்து உரித்தால்
பெயின்ட் போன இடத்தில் ஒரு துரு மீசை.
இருபக்க டேப் நேர்க்கோட்டில் வீரன்,
வளைவில், மத்தியான வெயிலில், அசடு வழிந்தது.
செருப்புக்கடை மஞ்சள் சொல்யூஷன் நல்ல பிடி.
ஆனால் கறுப்பு ரப்பரோரம் அந்த மஞ்சள்,
பருப்புச் சோறு தின்றுவிட்டு
வாய் துடைக்காத பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் பஸ்.
உக்கடத்தில் அபுதாகிர் கடை.
இருபத்திரண்டு வயசு இருக்கும், ஒரு காதில் பாட்டு.
கறுப்பு டியூப் ஒன்றை எடுத்து, கொடுக்காமல்,
'பிரிச்சுக்கற மாதிரி ஒட்டோணுங்களா,
பிரியாத மாதிரி ஒட்டோணுங்களா?' என்றான்.

இத்தனை பூட்டுத் தொங்கவிட்டும்
நான் சோதிக்காதது அது ஒன்றுதான்.

'ரப்பருக்கு ஆயுசு கம்மிங்க. வண்டி அதுக்கும் மேல ஓடும்.
அடுத்த ஆள் உரிக்கறப்ப பெயின்ட் கூட வரக் கூடாது.
எத்தனை கதவு?'
ரெண்டு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
என் பக்கம் ஒன்று, என் பின்னால் ஒன்று.
'நாலையும் ஒட்டுக்காச் செஞ்சிருங்க,
காத்து ஒரு பக்கமா வராதுங்க.'
இரண்டு டியூப் வாங்கினேன்.

புது ரப்பரின் மேல்மாவை ஸ்பிரிட்டில் துடைத்து,
சட்டத்திலும் ரப்பரிலும் மெல்லிசாய்த் தடவி,
காத்திருந்து,
புறங்கையால் தொட வேண்டும்.
விரலோடு வரவும் கூடாது,
விரலை விட மனசும் இருக்கக் கூடாது.
அப்போது மூலையில் தொடங்கி அழுத்து.
ஒருமுறை வைத்தால் வைத்ததுதான்,
நகர்த்த விடாது.
எல்லாம் சட்டத்தின் பக்கம் மட்டும்.
கதவின் பக்கம் ஒரு பொட்டுப் படக் கூடாது.
கதவு வரும், அழுந்தும், போகும்.

ஜூலை முப்பத்தொன்று, பொழுதோடு.
கதவைச் சாத்தினால் திரும்பி வருகிறது.
புது ரப்பர் இன்னும் பணியவில்லை.
எங்கள் வீட்டில்
ஓங்கிச் சாத்தும் கதவுக்கு ஒரு அர்த்தம் உண்டு.
பத்திரம் பதிவான அன்று
நானும் சாத்தினேன், அவனும் சாத்தினான்.

தோற்றுப்போன டேப்பில் ஒரு துண்டு கிழித்து
ஸ்டியரிங்கில் சீட்டு ஒட்டினேன்:
'ஒரு மாசத்துக்கு ஓங்கிச் சாத்து.
கோவமில்லை. ரப்பர் புதுசு.'

இறங்கி, மெதுவாகத்தான் சாத்திப் பார்த்தேன்.
நிற்கவில்லை.
ஓங்கினேன்.
வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.