அரை ஆணி

பிரிவினையில் வீடு லாக்லனுக்கு,
கார் எனக்கு.
கூரை உள்ளது அவனுக்கு, இல்லாதது எனக்கு என்று
வழக்கறிஞரின் அறையிலேயே சிரித்தேன்.
யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

உண்மையில் அப்போது அதற்கு ஒரு கூரை இருந்தது.
ஆகஸ்டில், ரான்ஃபர்லிக்கு வெளியே,
மலையிறங்கி வந்த காற்று
பின்இருக்கைக்கு மேலே ஒரு கிழிசலில் விரல் நுழைத்து
முன்கண்ணாடிவரை உரித்துவிட்டது.
வேலிக்கம்பியில் சிக்கிக்
கறுப்பாய்ப் படபடத்த துணியைச்
செம்மறிகள் தலைதூக்கிப் பார்த்தன.
அரை மைல் திரும்பி நடந்து எடுத்துவந்தேன்.
பழையதைத் தூக்கிப் போடாதே,
அளவு அதில்தான் இருக்கிறது:
இதைச் சொன்னதும் லாக்லன்தான்,
வேறு எதைப் பற்றியோ.

ஹப்மொபைல்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று.
கூரையைத் தாங்க நான்கு வில்கள், ஆஷ் மரம்.
துருவேறிய ஆணிகளைப் பிடுங்கி முடித்தபோது
பின்வில்லில் மூன்று வரிசைத் துளைகள்.
எனக்கு முன்னால் மூன்று கூரைகள்.
இனி எதையும் பிடிக்க மாட்டேன் என்றது மரம்.
பல்குத்தும் குச்சிகளைப் பசையில் தோய்த்து
ஒவ்வொரு துளையாய் அடைத்தேன்,
இருநூற்றுப் பதினொன்று.
கொட்டகையில் ஒரு வாரம் ஹீட்டர் எரிந்தது.
குளிரில் இழுத்துக் கட்டிய கித்தான்
கோடையில் தொளதொளத்துப் போகும்.
மின்கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டினேன். தைத்தேன்.
வில்லுக்கு வில் நாடா ஓட்டிப் பஞ்சு வைத்தேன்.
பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடியைப்
பழைய சட்டத்திலேயே பொருத்தினேன்.
அதுவரை ஒருத்தியால் ஆனது.

இழுக்க ஒருவர், அடிக்க ஒருவர்.
கித்தான் இதில் விட்டுக்கொடுக்காது.
பக்கத்துப் பண்ணை டெரெக்குக்கு
ஆடுகள் குட்டி போடும் நேரம்.
தபால் கொண்டுவரும் மெரியானாவுக்குத் தோள்பட்டையில் வலி.
மூன்றாவதாக அழுத்திய எண்ணை
விரல் மறந்திருக்கவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தான்,
தன் காந்தச் சுத்தியலோடு.
நாய் அவனை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது.
ஒரு பிடி சிற்றாணியை வாயில் கொட்டிக்கொண்டான்.
நாக்கு ஒன்றை உதட்டுக்குத் தள்ளும்,
சுத்தியல் வந்து எடுத்துக்கொள்ளும்,
ஒரு தட்டு.
வாயில் ஆணி உள்ளவனால் பேச முடியாது.
பத்தொன்பது வருடத்தில்
நாங்கள் இவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டதில்லை.

முதலில் எல்லா ஆணியும் பாதிதான் இறங்க வேண்டும்.
கோணினால் பிடுங்கிவிடலாம்.
இழுத்தேன். தட்டினான்.
இழுத்தேன்.
இடது மூலையில் ஒரு சுருக்கம்.
எனக்கு முன்பே பார்த்திருந்தான்,
புருவத்தால் காட்டினான்.
ஆறு ஆணியைப் பிடுங்கினோம்.
யார் கை தளர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.
இரண்டாம் முறை
என் முழங்கால் கதவில் பதியுமளவு இழுத்தேன்.
பிறகுதான் முழுதாய் அடித்தான்.
கடைசி மூன்று ஆணியை
உள்ளங்கையில் துப்பிவிட்டுத்
தேநீர் உண்டா என்றான்.

வானத்தில் மழைக்கான அறிகுறி எதுவுமில்லை.
புல்லுக்கு நீர் தெளிக்கும் சுழற்குழாயை
எண்ணெய்ப் பீப்பாய் மேல் ஏற்றித் திறந்துவிட்டு
இருவரும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம்.
நான் ஓட்டும் இருக்கையில்.
தண்ணீர் சுற்றி வந்து, அடித்து, போய்,
மறுபடி சுற்றி வந்தது.
இடது மூலையில்
அந்த ஆறு ஆணிகளில் ஏதோ ஒன்று
சொட்டு சேர்த்துக் கனக்க வைத்து
அவன் தொடையில் போட்டது.
மெழுகு தேய்த்தால் நிற்கும் என்றான்.
தெரியும் என்றேன்.
அடுத்த சொட்டுக்காக
இருவரும் அண்ணாந்திருந்தோம்.

ஒரு மாதம் மடக்காதே,
துணி தன் இடத்தில் பழக வேண்டும்,
என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்தாம் நாள் வெயில் நன்றாக இருந்தது.
மடக்கினேன்.