நாற்பத்தொன்றாம் வளைவு

முதல் இரண்டு வருடம் எல்லாப் பணமும்
ஓடுவதற்கே போனது.
டர்போவை மாற்றினாள், புகைக்குழாயை மாற்றினாள்,
எஞ்சினின் மூளையைத் திறந்து
திருத்தி எழுதவைத்தாள் நேஜா.
பதினான்கு வயது நீல மேகான்
எழுந்தவுடன் கெட்ட வார்த்தை பேசியது.
நிற்பதைப் பற்றி யார் யோசித்தார்கள்?

ஜூன். வெர்ஷிச் கணவாய்.
ஐம்பது கொண்டை ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை.
த்ரெந்தா பக்கம் இறங்கும்போது
முப்பத்தாறில் ஒரு வாடை, முடி கருகியதுபோல.
முப்பத்தொன்பதில் மிதி கொஞ்சம் ஆழம் போனது.
நாற்பத்தொன்றில்
மிதி தரையைத் தொட்டது. கார் கேட்கவில்லை.
கைப்பிரேக். இரண்டாம் கியர். ஒரு பட்டிவேலி.
ஆடுகள் மெல்லுவதை நிறுத்திப் பார்த்தன,
பிறகு மறுபடி மென்றன.

செப்டம்பரில் பெட்டிகள் வந்தன.
நான்கு பிஸ்டன் காலிப்பர்கள்,
சாப்பாட்டுத் தட்டைவிட அகன்ற வட்டுகள்,
எஃகு பின்னிய ஹோஸ்கள்,
முந்நூறு டிகிரியிலும் கொதிக்காத திரவம்,
திருகித் திருகி உயரம் வைக்கும் ஸ்பிரிங்குகள்.
பின்பக்க டாம்பரின் கீழ்போல்ட்
பதினான்கு குளிர்காலத்து உப்பைத் தின்றுவிட்டு
வெளியே வர மறுத்தது.
எண்ணெய், சுத்தியல், தீ, மறுபடி எண்ணெய்.
மூன்று மணி நேரம் கழித்து அது வந்தபோது
பாதி அங்கேயே இருந்தது.

மற்றதையெல்லாம் தனியாளாய் முடிக்கலாம்.
குழாயிலிருந்து காற்றை எடுக்க மட்டும்
இன்னொரு கால் வேண்டும்.

தீலெனுக்குச் செய்தி அனுப்பினாள்:
'ஒரு கால் தேவை. இருபது நிமிடம்.'
நாலு தெரு தள்ளி இருக்கும் தம்பி.
மார்ச்சில் மொய்ஸ்த்ரானா வீட்டை விற்று
பணத்தை எண்ணிய நாளிலிருந்து
அந்த நாலு தெருவும் நாலு நாடு.

வந்தான். ஒன்றும் கேட்கவில்லை.
ரயில்வே பூட்ஸோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான்.
அவள் பின்சக்கரத்தின் அடியில்,
கையில் எட்டாம் நம்பர் ஸ்பானர்,
தெளிந்த குழாய், ஊறுகாய் ஜாடி.

அழுத்து.
பிடி.
விடு.

ஆறு மாதத்தில் பேசிய முதல் மூன்று சொல்.
குழாயில் குமிழ்கள் வரிசையாய்ப் போயின.
திரவம் அழுங்காது, காற்று அழுங்கும்;
கடுகளவு இருந்தால் போதும்,
மிதி பொய் சொல்லும்.

அழுத்து. பிடி. விடு.

அவர்கள் மொழியில் அப்படி இல்லை,
எழுதும் எனக்குத்தான் கண்ணில் படுகிறது:
விடு என்பதில் ஒரு சுழி கூடினால் வீடு.

நாலாம் சக்கரத்தில் அவன் சொன்னான்,
'மிதி கெட்டியாகிவிட்டது.'
அவள் 'ம்' என்றாள்.
இருபது நிமிடம் என்றது ஒன்றரை மணி ஆகியிருந்தது.

பொவெட்ஸ் போகும் நேர்ச்சாலையில்
எண்பதிலிருந்து இருபதுக்கு, பத்துத் தடவை,
ஒருமுறையும் முழுதாய் நிற்காமல்
பட்டைகளை வட்டுக்குப் பழக்கினாள்.
வேண்டுமென்றே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் தீலென்.
ஸ்பிரிங் அதிகக் கெட்டி; பாலத்தின் இணைப்பில்
இருவர் பல்லும் மோதிக்கொண்டன.
இறங்கி டாம்பரை இரண்டு கிளிக் தளர்த்தினாள்.
'இன்னும் ஒன்று,' என்றான். இன்னும் ஒன்று.

திரும்பக் கணவாய் ஏறி
உச்சியில் வண்டியைத் திருப்பி
அதே பக்கம் இறங்கினார்கள்.
முப்பத்தாறு. வாடை இல்லை.
முப்பத்தொன்பது.
நாற்பத்தொன்றில் அவள் மிதித்தாள்,
மூக்கு கொஞ்சம் தணிந்தது, நான்கு சக்கரமும்
சாலையைப் பற்றின, வளைவு பின்னால் போனது.
ஒன்றும் நடக்கவில்லை.
அந்த ஒன்றுமில்லைக்கு விலை
இரண்டாயிரத்து எழுநூறு யூரோ, ஒரு போல்ட்டின் பாதி.

ஓரக்கண்ணால் பார்த்தாள்.
தம்பியின் வலது பூட்ஸ்
மிதியே இல்லாத தன் பக்கத் தரையை
முழுப்பலத்தோடு அழுத்திப் பிடித்திருந்தது.

'விடு,' என்றாள்.

நாற்பத்திரண்டில்தான் விட்டான்.