அரைப் பக்கம்

மன்றத்தின் மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னார்கள்.
நான்கு பக்கம் என்று பேச்சு.
டயர் கடை விளம்பரம் வந்ததும் இரண்டாயிற்று.
நேற்று பல் மருத்துவர் முழுப் பக்கம் கேட்டுவிட்டார்,
வண்ணத்தில்.

செந்தூலே, உனக்கு இனி அரைப் பக்கம்.

"வருஷத்தைப் போடு, தலைவர்கள் பேரைப் போடு, போதும்"
என்கிறார் செயலாளர் இன்னாசிமுத்து.
தலைவர்கள் பதினோரு பேர்.
அதில் மூவர் ஒருவரோடொருவர் பேசாமலே செத்தவர்கள்;
ஒரே வரியில் எப்படி உட்கார வைப்பது?

ரயில் பட்டறைச் சங்குக்கு ஒரு வரி வேண்டும்.
சங்கு கேட்டு உலையில் அரிசி போட்ட
வரிசை வீடுகளுக்கு ஒன்று.
வெள்ளம் வடிந்த வாரத்து மினிட் புத்தகம்:
'வருகை ஏழு. நாற்காலி இல்லை. நின்றபடி தீர்மானம்.'
என்ன தீர்மானம் என்பது கரையானுக்குத் தெரியும்.

பிறகு சியூ யென் ஒரு நோட்டோடு வந்தாள்.
அவள் அப்பா மளிகைக்கடையின் கடன் கணக்கு.
நாங்கள் எல்லோரும் அதில் சீன எழுத்தில் இருந்தோம்,
பெயரில்லாமல்.
மலாயில் படித்துச் சொன்னாள்:
நெட்டையன்.
இரட்டைப் பிள்ளைக்காரி.
காக்கிச் சட்டை, இடது கை.
குடை.

குடையா?
வெயில் மழை பாராமல் விரித்தபடியே வருவாராம்.

எனக்குத் தெரியும் அந்தக் குடை.
கறுப்பு. ஒரு கம்பி ஒடிந்தது.
எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றது.

இன்னாசிமுத்து திட்டட்டும்.
அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்,
தலைவர்களுக்குக் கீழே, சின்ன எழுத்தில்:

குடை. அரிசி, மண்ணெண்ணெய், ஒரு டின் பால்.
ஏழு வெள்ளி இருபது காசு.
இன்னும் கட்டவில்லை.